ஒரே மேகசீனில் பலவகைத் தோட்டா: கலக்கலாமா, பிரிக்கலாமா?

பெட்டிகள் தீரும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். ஒரு பெட்டியில் ஏழு தோட்டா மிச்சம். இன்னொன்றில் நான்கு. பையின் அடியில், எப்போது வாங்கியதென்றே நினைவில்லாத ஆறு. எல்லாம் ஒரே கேலிபர்தான் (குழல் துளைக்குரிய அளவு), தோட்டாக்களை அடுக்கும் மேகசீனும் காலியாக இருக்கிறது. எல்லாவற்றையும் போட்டு அடைத்தால் என்ன?

அடைக்கலாம். கேலிபர் சரியாக இருந்தால் பெரும்பாலும் துப்பாக்கி சுடத்தான் செய்யும். ஆனால் குறி தவறியபின், தவறியது நானா, துப்பாக்கியா, தோட்டாவா என்று கேட்டால் பதில் கிடைக்காது. என்னைப் பொறுத்தவரை கலப்பதில் உள்ள உண்மையான நஷ்டம் அதுதான்.

பழக்கத்தில் நான்கு வழிகளைப் பார்க்கிறேன். ஒரே வகை, முடிந்தால் ஒரே லாட் (ஒரே தொகுதியில் தயாரான) தோட்டாவை மட்டும் வைத்துக்கொள்வது. வகைக்கு ஒரு மேகசீன் என்று பிரித்து வைப்பது. ஒரே மேகசீனுக்குள் ஒரு காரணத்தோடு வரிசைப்படுத்திக் கலப்பது. கைக்கு வந்ததைப் போட்டு அடைப்பது. டம்மி ரவையை, அதாவது வெடிக்காத போலித் தோட்டாவை, கலந்து பழகுவது ஐந்தாவது. அது தனிக்கதை, கடைசியில் வருகிறேன்.

விருப்பத்துக்கே இடமில்லாத இடங்கள்

எது நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன், எதைக் கலக்கவே கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மிக மோசமான ஜோடி .223 ரெமிங்டனும் .300 பிளாக்அவுட்டும். 2011-இல் அமெரிக்கத் தொழில்தர அமைப்பு ஏற்றுக்கொண்ட இந்த .300 தோட்டா, எம்16 போன்ற ஏஆர் வகை ரைஃபிளில் குழலை மட்டும் மாற்றினால் போதும், தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டும் மேகசீனும் அப்படியே இருக்கட்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. அந்த வசதிதான் ஆபத்தும். ஒரே மேகசீனில் இரண்டும் அழகாக உட்காரும். .300-இன் சில தோட்டாக்கள், சுடுவதற்குமுன் தோட்டா உட்காரும் இடமான .223 சேம்பருக்குள்ளும் போய் மூடிக்கொள்ளும். அப்புறம் விசையை அழுத்தினால் 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் துளைக்குள் போகப் பார்க்கும். போக இடமில்லாத அழுத்தம் துப்பாக்கியைப் பிளக்கும். இரண்டு ரைஃபிளும் வைத்திருப்பவர்கள் மேகசீன் நிறத்தையே வேறாக வைத்துக்கொள்வதும், ஒரே மேசையில் இரண்டு தோட்டாவையும் பரப்பாமல் இருப்பதும் பயந்த சுபாவத்தால் அல்ல.

.223-உம் 5.56 நேட்டோவும் இவ்வளவு கொடூரமில்லை, ஆனால் குழப்பம் அதிகம். வெளி அளவு ஏறக்குறைய ஒன்றே. 5.56 சேம்பரில், குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளம் தொடங்குவதற்கு முன்னுள்ள இடைவெளி கொஞ்சம் நீளம். அதனால் 5.56 என்று பொறித்த குழலில் இரண்டையும் சுடலாம். .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56-ஐச் சுட்டால் அழுத்தம் ஏறும். குழலில் என்ன பொறித்திருக்கிறதோ அதுதான் சட்டம். தோட்டாப் பெட்டியில் இருக்கும் படத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றாவது, நெம்புகோல் ரைஃபிள்களில் குழலுக்குக் கீழே நீளமாக ஓடும் குழாய் மேகசீன். இதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் அடியிலுள்ள பிரைமர்மேல் (அடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) முட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தத் தோட்டாக்களுக்குத் தட்டை மூக்கு. பின்னாளில் ஹார்னடி நிறுவனம் ரப்பர்போல் வளையும் நுனி வைத்துக் கூர்மூக்கையும் சாத்தியமாக்கியது. ஆனால் சாதாரணக் கூர்மூக்கு உலோகக் குண்டு ஒன்றே ஒன்று அந்த வரிசைக்குள் நுழைந்தாலும், சுடும்போது வரும் உதையில் அது முன்னால் உள்ள பிரைமரைக் குத்த வாய்ப்புண்டு. உங்கள் இடது கை இருப்பதும் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில்தான்.

இந்த மூன்றும் இல்லையென்றால், மிச்சமெல்லாம் நல்லது கெட்டது பார்த்து முடிவெடுக்கும் விஷயம்.

குண்டு எங்கே போய்ப் படும்?

ரைஃபிளை ஜீரோ செய்கிறோம், அதாவது குறி பார்க்கும் இடத்திலேயே குண்டு படும்படி அமைக்கிறோம் என்றால், ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு ஜீரோ செய்கிறோம் என்று பொருள். வேறு தோட்டா போட்டால் அந்த ஜீரோ செல்லாது. எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு எளிய கணக்குப் போடலாம்.

.22 லாங் ரைஃபிள் என்ற தோட்டா வகையில் சாதாரண வேகத் தோட்டா நொடிக்குச் சுமார் 325 மீட்டரில் கிளம்பும். அதிவேகத் தோட்டா சுமார் 380. காற்றுத் தடையில் வேகம் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால், 50 மீட்டர் போவதற்குள் முதலாவது 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இறங்கும், இரண்டாவது 9, 9½. வித்தியாசம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். சின்னதாகத் தெரிகிறதா? 50 மீட்டர் ரைஃபிள் போட்டி இலக்கில் பத்து வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். நடுவில் பட வேண்டிய குண்டு 3 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் பத்து ஏழாகிவிடும்.

.300 பிளாக்அவுட்டில் இது இன்னும் மோசம். ஒலியைவிட வேகமாகப் போகும் இலகுவான குண்டும், ஒலியைவிட மெதுவாகப் போகும் கனமான குண்டும் அதே கேலிபரில் கிடைக்கும். 100 மீட்டரில் இரண்டுக்கும் இடையே சுமார் 40 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம் வரும். முழங்கை நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது கீழே இறங்குவது மட்டும்தான். குழல் சுடும்போது அதிர்கிறது. எந்தக் கணத்தில் குண்டு வாயைவிட்டு வெளியேறுகிறதோ, அந்தக் கணத்தில் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்துக் குறி இடம் வலமாகவும் நகரும். ஒரே எடை, ஒரே வேகம் என்று பெட்டியில் போட்டிருக்கும் இரண்டு பிராண்டுகள்கூட வெவ்வேறு இடத்தில் படுவது அதனால்தான். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பிரிட்டிஷ் ராணுவமே இதை அனுபவித்திருக்கிறது. .303 தோட்டாவில் 215 கிரெய்ன் எடையுள்ள மழுங்கல்மூக்கு மார்க் 6 குண்டை விட்டு, 1910-இல் 174 கிரெய்ன் கூர்மூக்கு மார்க் 7-க்கு மாறினார்கள். கேலிபர் அதே, ரைஃபிளும் அதே லீ-என்ஃபீல்ட். ஆனால் புதுக் குண்டு நொடிக்கு 100 மீட்டருக்கும் அதிகமான கூடுதல் வேகத்தில் போனதால், பழைய குண்டுக்கு அளவு குறித்திருந்த, குறிபார்க்கும் பின்பக்கச் சட்டங்களை மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் குழலின் முறுக்கு. பழைய எம்16-இன் குழலில் வரிப்பள்ளம் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 55 கிரெய்ன் குண்டுக்காக. 1980-இல் நேட்டோ தேர்ந்தெடுத்த 62 கிரெய்ன் எஸ்எஸ்109 நீளமானது. அதை நிலைப்படுத்த எம்16ஏ2-இல் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மாற்றினார்கள். புதுக் குண்டைப் பழைய குழலில் சுட்டால் அது தலைசுற்றிப் போய்ப் பக்கவாட்டில் படும். காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித்துளை மாதிரி கிழிசல். இரண்டையும் கலந்த மேகசீனில் ஒரு வட்டம், ஒரு கிழிசல் என்று மாறி மாறி வரும். வேடிக்கையாகத்தான் இருக்கும், நம்முடைய இலக்காக இல்லாதவரை.

என் சொந்தக் கதையும் இருக்கிறது. சுடப் பழகிய முதல் வருடம். .22 ரைஃபிள், பத்துத் தோட்டா மேகசீன், இரண்டு பெட்டி மிச்சம். முதல் மூன்று மேலே, அடுத்தது கீழே, மறுபடி மேலே. நான் ஸ்கோப் திருகைத் திருப்புகிறேன். அடுத்த குண்டு எதிர்ப்பக்கம் போகிறது. மறுபடி திருப்புகிறேன். அரை மணி நேரம் இப்படி என் வாலை நானே துரத்திக்கொண்டிருந்தேன். ரேஞ்ச் ஆபீசர் பின்னால் வந்து நின்று, "என்ன தம்பி, மேகசீன்ல என்ன போட்டீங்க?" என்றார். "இருந்ததைப் போட்டேன் சார்." "அப்ப ஸ்கோப்பை விடுங்க, அது பாவம்."

துப்பாக்கிக்குள் என்ன ஆகும்?

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிம்மதியாகப் படிக்கலாம். அங்கே தோட்டாவை ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் கை. தானாக ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளில் அந்த வேலையைச் செய்வது சுட்ட தோட்டாவின் சக்தி. சக்தி குறைந்தால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது, காலிக் கூடு வெளியேறும் வாயில் சிக்கும். கூடினால் பாகங்கள் அடிவாங்கும். அரைத்தானியங்கி .22-களில் மெதுவேகத் தோட்டா போட்டால் சிக்குவது சகஜம். கலந்து போட்டால் இடையிடையே ஒன்று சிக்கும். மேகசீன் ஸ்பிரிங்கா, அழுக்கா, எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவீர்கள்.

வெடிமருந்து மாறினால் மட்டுமே எவ்வளவு ஆகும் என்பதற்கு வியட்நாம் போர்க்கால எம்16 நல்ல பாடம். ஐஎம்ஆர் 4475 என்ற குச்சி வடிவ மருந்தோடு சோதித்து வளர்த்த துப்பாக்கி அது. பிறகு டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கு மாறினார்கள். குண்டு மாறவில்லை, கூடு மாறவில்லை. ஆனால் சுடும் வேகம் ஏறியது, உள்ளே கசடு கூடியது, சிக்கல்கள் பெருகின. சேம்பருக்கு குரோம் பூச்சு இல்லாததும், சுத்தம் செய்யும் சாமான்கள் போதாததும் சேர்ந்துகொண்டன. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரிக்கும் அளவுக்குப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த இரண்டு தோட்டாவும் இரட்டைப் பிள்ளைகள்.

நான் இன்னும் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. எப்போதாவது ஒரு தோட்டாவில் மருந்து இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும். பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு குழலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க நமக்கு இருக்கும் முதல் கருவி காது. வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதில் 'டப்' என்று ஒரு சோகையான சத்தம், உதையும் இல்லை. உடனே நிறுத்த வேண்டும். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். இப்போது மெதுவேகத் தோட்டாவையும் முழுவேகத் தோட்டாவையும் கலந்திருக்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சத்தம் பெரிது, ஒன்று சிறிது. சோகையான சத்தம் வந்தால், 'ஓ, இது மெதுவேகம் போல' என்று மனசு தானாகவே சமாதானம் சொல்லிக்கொள்ளும். ஒரே வகையாகப் போட்டிருந்தால் அந்த மாற்றம் காதில் அறைந்திருக்கும். கைக்கு வந்ததைக் கலக்கும் வழக்கத்தை நான் விட்டதற்கு, குறி மாறுவதைவிட இதுதான் பெரிய காரணம்.

பழைய ராணுவ மிச்சத் தோட்டா பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பல பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு உப்பாகக் குழலில் படிந்து, ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். மேகசீனில் அப்படி ஒன்று இருந்தாலும் அன்று முழுச் சுத்தம்தான். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதுமே.

எஃகுக் கூடும் பித்தளைக் கூடும் கலக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பித்தளை நன்றாக விரிந்து சேம்பரை அடைக்கும், எஃகு அவ்வளவு அடைக்காது, அதனால் சேம்பரில் கரி கூடும். கரி படிந்த சேம்பரில் அப்புறம் வரும் பித்தளைக் கூடு ஒட்டிக்கொள்ளலாம். துடைத்துவிட்டு மாறுங்கள், போதும்.

காரணத்தோடு கலப்பவர்கள்

கலப்பதே தப்பு என்று சொல்லவும் முடியாது. மரியாதையான காரணங்களோடு கலந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் காட்டெருமை வேட்டையாடியவர்களின் பழைய வழக்கம் ஒன்று. 1912-இல் வந்த .375 ஹெச் அண்ட் ஹெச் போன்ற பெரிய ரைஃபிளில் முதல் தோட்டா விரியும் மூக்குக் குண்டு, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் விரியாத கெட்டிக் குண்டு. முதல் குண்டு படும்போது விலங்கு அசையாமல் பக்கவாட்டில் நிற்கும், விரியும் குண்டு அங்கே வேலை செய்யும். அடுத்த நொடியில் அது திரும்பி ஓடும், அல்லது நம்மை நோக்கி வரும். அப்போது எலும்பையும் தசையையும் தாண்டி உள்ளே போகும் குண்டு வேண்டும். நல்ல தர்க்கம்தான். இரண்டும் ஒரே எடையாக, ஒரே இடத்தில் படுவதைச் சுட்டுப் பார்த்து உறுதி செய்தபிறகே இதைச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனால் மேகசீன் என்பது அடுக்கு. கடைசியாகப் போட்டது முதலில் வரும். இரண்டு சுட்டுவிட்டு மேலே இரண்டு சேர்த்தால் உங்கள் அழகான வரிசை குலைந்துவிட்டது. வேலி தாண்டுவதற்காகச் சேம்பரைக் காலி செய்து, தாண்டியபின் மறுபடி ஏற்றினாலும் அதே கதி. இப்போது உடையாமல் விரிந்து, ஆழமாகவும் போகும் முழுச் செம்புக் குண்டுகள் வந்துவிட்டதால், பலர் மேகசீன் முழுக்க ஒரே வகை போட்டு இந்தத் தலைவலியை முடித்துக்கொள்கிறார்கள்.

வேட்டையில் எந்தக் குண்டு என்பது உங்கள் விருப்பம் மட்டுமல்ல. பெரிய விலங்குகளுக்கு முழு உலோக உறை போட்ட குண்டைப் பல நாடுகள் தடை செய்கின்றன. அது விலங்கைக் காயப்படுத்தி ஓடவிட்டுவிடும் என்பதால். போரில் நேர் எதிர்: உடலில் விரியும் குண்டை 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடை செய்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையில் 1890-களில் செய்த குண்டுதான் அந்த விவாதத்துக்கே பெயர் கொடுத்தது. வேட்டைக்காரர் மேகசீனில் உறைக் குண்டு ஒன்று கலந்து கிடந்தால், 'மிச்சம் இருந்தது' என்பது சட்டத்துக்குப் பதிலாகாது.

அடுத்தது டிரேசர், பறக்கும்போது எரிந்து ஒளிக்கோடு காட்டும் தோட்டா. எந்திரத் துப்பாக்கிப் பட்டையில் நான்கு சாதாரணத் தோட்டாவுக்கு ஒரு டிரேசர் என்பது எம்249-இல் வழக்கமான கலவை. அங்கே அது பொருந்தும். ஓடுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே சுடுபவர் கையைத் திருத்துகிறார். ஒவ்வொன்றாகச் சுடும் ரைஃபிளில் அந்தப் பயன் மிகக் குறைவு. குண்டின் அடியில் இருக்கும் கலவை எரிய எரிய எடை குறைகிறது, காற்றுத் தடையும் மாறுகிறது. ஒரு தூரத்துக்குமேல் அதன் பாதை மற்றக் குண்டின் பாதையோடு ஒத்துப்போகாது. காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும் என்பதால் பல ரேஞ்சுகளில் உள்ளேயே விடமாட்டார்கள்.

மேகசீனின் அடியில் இரண்டு மூன்று டிரேசர் போட்டு, 'தீரப் போகிறது' என்று தெரிந்துகொள்ளும் சிப்பாய்களின் உத்தி வேறு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் போர்விமானிகள் சிலரும் இப்படிக் கடைசியில் டிரேசர் வைத்துக்கொண்டார்கள். விமானத்தில் நியாயம். தரையில், மேகசீன் தீர்ந்த செய்தி எதிரே இருப்பவருக்கும் போய்ச் சேரும். மேகசீன் தீர்ந்தால் போல்ட் திறந்தே நிற்கும் ரைஃபிளில் அந்த உத்திக்குப் பாதித் தேவைதான்.

அப்படியானால் எது?

என் ஓட்டு இரண்டாவது வழிக்கு: வகைக்கு ஒரு மேகசீன். இரண்டு வகைத் தோட்டா தேவைப்படுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். ஒரே வகை போதுமென்றால் முதல் வழியை மிஞ்ச எதுவுமில்லை. போட்டிக்குப் போகிறவர்கள் ஒரே லாட்டில் நிறைய வாங்கி வைப்பது வீண் செலவல்ல. .22-இல் தோட்டாவின் மேலுள்ள மெழுகுப் பூச்சு மாறினாலே குழல் நிதானத்துக்கு வரச் சில குண்டுகள் பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிரித்து வைப்பதன் லாபம், கலப்பதால் கிடைக்கும் எல்லாமும் இதிலும் கிடைக்கும், குழப்பம் மட்டும் இருக்காது. வண்ண டேப் ஒட்டுங்கள். இருட்டிலும் தெரிய ஒரு மேகசீன் அடியில் கயிறு கட்டுங்கள். ஒவ்வொரு வகையையும் தனியாகச் சுட்டு, ஜீரோவிலிருந்து எவ்வளவு தள்ளிப் படுகிறது என்று சின்னக் காகிதத்தில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவிடுங்கள். ஒரே ஒரு பொறி உண்டு. மேகசீனை மாற்றும்போது சேம்பரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், முதல் குண்டு பழைய வகைதான். சேம்பரைக் காலி செய்யாமல் மாற்றிவிட்டு, 'முதல் குண்டு மட்டும் ஏனோ தப்புகிறது' என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரிசைப்படுத்திக் கலப்பது, அதைச் சுட்டுப் பார்த்து, வரிசை குலைந்தால் உணரக்கூடிய அனுபவசாலிக்கு. மற்றவர்களுக்கு அதிலிருந்து கிடைப்பது கெட்டிக்காரத்தனத்தின் உணர்வு மட்டும்.

டம்மி ரவைக்கு வருகிறேன். நான் முழுமனதோடு சிபாரிசு செய்யும் ஒரே கலவை இதுதான். ரேஞ்சில், கூட இருப்பவர் உங்களுக்குத் தெரியாமல் மேகசீனில் ஒன்றிரண்டு டம்மியை நுழைத்துத் தருவார். சுடுகிறீர்கள், சுடுகிறீர்கள், திடீரென்று 'க்ளிக்'. அந்தக் கணத்தில் துப்பாக்கி வாய் அசையாமல் இருந்தால் நீங்கள் நன்றாகச் சுடுகிறீர்கள். கீழே குனிந்தால், வெடிக்கும் என்று எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே தள்ளுகிறது என்று பொருள். எத்தனை ஸ்கோப் வாங்கினாலும் இந்தக் குறை தெரியவராது. டம்மி தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும். 'க்ளிக்' வந்தால் அது டம்மிதான் என்று உடனே போல்ட்டை இழுக்கவும் கூடாது. தாமதமாக வெடிக்கும் நிஜத் தோட்டாவாகவும் இருக்கலாம். வாயை இலக்கை நோக்கியே வைத்து முப்பது நொடி காத்திருங்கள்.

அந்த ஏழு, நான்கு, ஆறு மிச்சத்தை நான் என்ன செய்கிறேன்? வகை தெரிந்த ஏழையும் நான்கையும் தனித்தனிச் சின்ன டப்பாவில், பெட்டியில் இருந்த லாட் எண்ணோடு வைக்கிறேன். டம்மிப் பயிற்சி நாளில், வகைக்கு ஒரு மேகசீனாக அவை தீரும். அன்று யாரும் குண்டுகள் எவ்வளவு நெருங்கிப் பட்டன என்று அளப்பதில்லை, துப்பாக்கி வாயைத்தான் பார்க்கிறார்கள். வகை தெரியாத ஆறும் ரேஞ்சில் வைத்திருக்கும் கழிவுத் தோட்டாப் பெட்டிக்குப் போய்விடும்.